புத்தகத்தை மூடிவிட்டுப் படியுங்கள்

"நாலு தடவை படிச்சேன். கேள்வியைப் பார்த்ததும் ஒண்ணுமே வரலை." காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் கொல்லிமலையில் செம்மேட்டுப் பேருந்து நிலையத்தில் நின்றாலும் சரி, சென்னையில் ஒரு டியூஷன் சென்டர் வாசலில் நின்றாலும் சரி, இந்தப் பேச்சு காதில் விழும். சொல்கிற பிள்ளை பொய் சொல்லவில்லை. நாலு தடவை படித்ததும் உண்மை, வராமல் போனதும் உண்மை. இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கின்றன என்று இங்கே பார்ப்போம். அதைவிட முக்கியமாக, கொல்லிமலை போன்ற ஊரில், டியூஷனும் இல்லாமல் வீட்டில் சொல்லித்தர ஆளும் இல்லாமல், கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் என்ன செய்தால் பலன் அதிகம் என்று பார்ப்போம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குக் கூடுதலாக நேரமும் வேண்டாம், பணமும் வேண்டாம். பழைய நோட்டில் எழுதாமல் மிச்சமிருக்கும் பக்கங்களும் ஒரு பேனாவும் இருந்தால் போதும்.

திரும்பத் திரும்பப் படித்தும் ஏன் மறக்கிறது?

சந்தையில் ஒருவரைப் பார்க்கிறீர்கள். முகம் நன்றாகத் தெரிகிறது. பெயர் மட்டும் வாயில் வரவில்லை. பாடத்தை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை படிக்கும்போது நடப்பது இதுதான். எல்லா வரியும் தெரிந்த முகமாக இருப்பதால் 'இது எனக்குத் தெரியும்' என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. தேர்வோ பெயரைக் கேட்கிறது. அங்கே முகத்தைக் காட்ட யாரும் இல்லை. வெறும் தாளைப் பார்த்து நீங்களாகவே உள்ளிருந்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்துப் பழகாத பிள்ளை அங்கே திணறுகிறது.

இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதில் பெயர்பெற்றது. மாணவர்களுக்குச் சிறு சிறு பாடப் பகுதிகளைக் கொடுத்தார்கள். சில பகுதிகளை அவர்கள் இரண்டு தடவை படித்தார்கள். மற்றவற்றை ஒரு தடவை படித்துவிட்டு, தாளை மூடி, நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்த பகுதிகளில் 81 சதவீதம் நினைவில் இருந்தது. மூடிவிட்டு எழுதியவற்றில் 75 சதவீதம்தான்.

ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. இரண்டு தடவை படித்ததில் 42 சதவீதம் மிஞ்சியிருந்தது. மூடிவிட்டு எழுதியதில் 56 சதவீதம்.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துப் பாருங்கள். நாளைக் காலை டெஸ்ட் என்றால், முந்தின இரவு திரும்பத் திரும்பப் படிப்பது பலன் தருவது போலவே தெரியும். அதனால்தான் அந்தப் பழக்கம் நம்மைவிட்டுப் போவதில்லை. மார்ச் மாதத்துப் பொதுத்தேர்வுக்கு அது கைகொடுக்காது.

அப்படியானால் மனப்பாடம் தப்பா?

தப்பில்லை. புரியாமல் உருப்போடுவதுதான் வீண். வாய்ப்பாடு, செய்யுள், வேதிக் குறியீடு எல்லாம் மனத்தில் இருந்தே ஆக வேண்டும். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் சுவடியைப் பார்க்காமல் ஆசிரியர் முன்னும் சட்டாம்பிள்ளை முன்னும் ஒப்புவித்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இலக்கண நூல்தான். ஆனால் அதன் பாயிரத்தில், மாணவன் எப்படிப் படிக்க வேண்டும் என்று தனியாகவே சொல்லியிருக்கிறார். கேட்ட பாடத்தைத் திரும்ப நினைத்துப் பார்க்கச் சொல்கிறார். நன்றாகப் படிப்பவர்களோடு சேர்ந்து பயிலச் சொல்கிறார். கேள்வி கேட்கவும், கேட்ட கேள்விக்கு விடை சொல்லவும் சொல்கிறார். 2006இல் ஆய்வுக்கூடத்தில் கண்டது நமக்குப் புதிதல்ல. இடையில் எங்கோ கைடு வந்து சேர்ந்தது, அந்தப் பழக்கம் போய்விட்டது.

சரி, எப்படித்தான் செய்வது?

பத்தாம் வகுப்பு அறிவியலில் முதல் பாடம் இயக்க விதிகள். அதில் நிலைமம் (இருக்கிற நிலையிலேயே தொடர்ந்து இருக்கப் பார்க்கும் பொருளின் குணம்) பற்றிய பகுதியை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் அளவுக்குத்தான் இருக்கும்.

முதலில் அதை நிதானமாக ஒரு தடவை படியுங்கள். புரியாத இடத்தில் நின்று படியுங்கள். பிறகு புத்தகத்தை மூடித் தள்ளி வைத்துவிடுங்கள். ரஃப் நோட்டை எடுத்து, நினைவில் இருப்பதை எழுதுங்கள். அழகான கையெழுத்து வேண்டாம், முழு வாக்கியம் வேண்டாம். 'நிலைமம் – மூணு வகை. ஓய்வில் நிலைமம். இயக்கத்தில் நிலைமம். மூணாவது...?' இப்படித் தொக்கி நின்றால் நிற்கட்டும். உடனே புத்தகத்தைத் திறக்காதீர்கள். அரை நிமிடம் யோசியுங்கள். அந்த அரை நிமிடத் தவிப்பில்தான் படிப்பு நடக்கிறது.

அந்த மூணாவது வகையை உங்கள் பேருந்துப் பயணத்திலேயே தேடலாம். கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு ஏறும்போது பேருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறது. பேருந்து இடப்பக்கம் திரும்பினால் உங்கள் உடம்பு வலப்பக்கம் சாய்கிறது அல்லவா? உங்களை யாரும் தள்ளவில்லை. பேருந்து திசை மாறிவிட்டது. உடம்போ பழைய திசையிலேயே போகப் பார்க்கிறது. அதுதான் மூன்றாவது வகை, திசையில் நிலைமம். இனி அது மறக்குமா? பாடத்தில் வரும் ஒவ்வொரு கருத்துக்கும் இப்படி உங்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணம் தேடுங்கள். அது பாடப்புத்தக உதாரணத்தைவிட உறுதியாக நிற்கும். ஊருக்கு வந்துபோகும் வெளியூர்க்காரர்கள் வாந்தி எடுக்கும் அந்த வளைவுகள், உங்களுக்கு இலவசமான இயற்பியல் ஆய்வகம்.

எழுதி முடித்ததும் புத்தகத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். விட்டதையும் தப்பாக எழுதியதையும் வேறு மையில் குறியுங்கள். மறுநாள் நீங்கள் படிக்க வேண்டியது அந்த வேறு மை மட்டும்தான். பத்துப் பக்கப் பாடம் இரண்டு பக்கமாகச் சுருங்கிவிடும்.

மூடினால் ஒரு வரிகூட வரவில்லையே?

முதல் வாரம் அப்படித்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் அதிகமாக இருந்தால் ஒரு பத்தி மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் வரவில்லை என்றால் பாடம் மறக்கவில்லை, முதலிலேயே புரியவில்லை என்று அர்த்தம். அது ஆசிரியரிடம் கேட்க வேண்டிய இடம். 'சார், பாடம் புரியலை' என்று கேட்டால் அவருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியாது. 'இந்த மூணாவது பத்தி வரைக்கும் வந்துட்டேன், அதுக்கு மேல பிடிபடலை' என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. புத்தகத் தமிழில் வரவில்லை என்றால், வீட்டில் பேசுகிற பேச்சிலேயே முதலில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வந்தால் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு புத்தகச் சொற்களைப் பொருத்திக்கொள்ளலாம். தேர்வுத்தாளில் கலைச்சொல் வேண்டும், மதிப்பெண் அதற்கும் சேர்த்துத்தான். ஆனால் அது இரண்டாவது வேலை.

கோடு போடுவது, பார்த்து எழுதுவது எல்லாம் வீணா?

வீண் என்று சொல்லமாட்டேன். போடுகிற உழைப்புக்குக் கிடைக்கிற பலன் குறைவு. ஜான் டன்லாஸ்கி என்ற உளவியலாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2013இல் மாணவர்கள் கையாளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசினார்கள். தன்னைத் தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் தரத்தில் வந்தன. கோடு போடுவதும் திரும்பப் படிப்பதும் கடைசித் தரத்தில் நின்றன.

ஸ்கெட்ச் பேனாவில் பக்கம் முழுக்க மஞ்சளும் பச்சையும் அடித்த புத்தகத்தைப் பார்த்தால் படித்த புத்தகம் போலவே தெரியும். கை வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான். கைடைப் பார்த்து ஒரே விடையை ஐந்து தடவை எழுதுவதும் அப்படித்தான். ஐந்து தடவையில் முதல் தடவை பார்த்து எழுதுங்கள். மிச்ச நாலையும் பார்க்காமல் எழுதுங்கள். நேரம் அதேதான், பலன் வேறு.

'என் பிள்ளைக்குக் காதால் கேட்டால்தான் ஏறும், கண்ணால் பார்த்தால் ஏறாது' என்று சில பெற்றோர் நினைப்பார்கள். இந்தக் கருத்தை 2008இல் ஓர் உளவியலாளர் குழு ஆராய்ந்தது. பிள்ளைகளை அப்படி வகை பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றது. எல்லாப் பிள்ளைக்கும் இரண்டும் உதவும்.

ஒருமுறை நன்றாகப் படித்தால் தேர்வு வரை நிற்குமா?

நிற்காது. ஹெர்மான் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகத்தில் மறக்கிறது என்று அளந்து 1885இல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு நாளைக்குள்ளேயே பெரும்பகுதி போய்விட்டது. அதற்குப் பிறகு மறதியின் வேகம் மெதுவாகக் குறைந்தது. பாடம் பொருளில்லாத அசை இல்லை, புரிந்து படித்தது இன்னும் கொஞ்சம் அதிக நாள் நிற்கும். ஆனாலும் போகிற திசை அதேதான். மறப்பதற்குள் போய்ப் பிடித்து வர வேண்டும்.

அதற்கு ஒரு கால அளவு வைத்துக்கொள்ளலாம். பாடம் நடந்த அன்று மாலை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். மூன்று நாள் கழித்து ஒரு தடவை. அடுத்த வாரக் கடைசியில் ஒரு தடவை. ஒரு மாதம் கழித்து மறுபடி ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் மூடிய புத்தகத்தோடுதான். இரண்டாவது தடவைக்குப் பத்து நிமிடம் ஆனால், நான்காவதுக்கு மூன்று நிமிடம்தான் ஆகும்.

எதை எப்போது பார்ப்பது என்று யார் கணக்கு வைப்பது?

துண்டுத் தாள்கள் வைத்துக்கொள்ளும். பழைய நோட்டின் எழுதாத பக்கங்களை உள்ளங்கை அளவுக்குக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. ஆங்கிலச் சொல்லும் பொருளும், சூத்திரம், ஆண்டு, வரையறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பாடத்தின் பின்னால் இருக்கும் 'புக் பேக்' ஒரு மதிப்பெண் கேள்விகளிலிருந்து தொடங்கலாம்.

மூன்று பழைய உறைகளை எடுத்து நாள், வாரம், மாதம் என்று எழுதுங்கள். புதுத் தாள் எல்லாம் முதலில் 'நாள்' உறைக்குள் போகும். தினமும் அதை எடுத்துப் பின்பக்கம் பார்க்காமல் விடை சொல்லுங்கள். சரியாகச் சொன்ன தாள் 'வாரம்' உறைக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை அந்த உறையைப் பார்த்து, அதிலும் சரியாக வந்தால் 'மாதம்' உறைக்கு. எந்த உறையில் தப்பினாலும் தாள் மறுபடி 'நாள்' உறைக்கே வரும். ஜெர்மனியில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரப்பிய பெட்டி முறை இது. இன்று கைப்பேசிச் செயலிகள் பலவும் இதே அடிப்படையில்தான் ஓடுகின்றன. சிக்னல் வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம் என்பதால், மலையில் உறையே மேல்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, தெரியுமா?

கொல்லிமலையில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். நவம்பர் வாக்கில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கும். அது ஓயும் சமயத்தில் மிளகு வந்து நிற்கும். பள்ளியில் டிசம்பரில் அரையாண்டு, ஜனவரி, பிப்ரவரியில் திருப்புதல் தேர்வுகள், அதன் பிறகு பொதுத்தேர்வு. வீட்டில் ஆள் அதிகம் தேவைப்படும் மாதங்களும் பள்ளியில் படிப்பு இறுகும் மாதங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. படிப்பு அட்டவணை தயாரித்துக் கொடுக்கும் கீழ்நாட்டுக்காரர்கள் யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே மலையில் படிக்கும் பிள்ளைக்கு ஜூன் முதல் அக்டோபர் வரைதான் முக்கியமான காலம். 'இன்னும் எவ்வளவோ நாள் இருக்கு' என்று மற்றவர்கள் நினைக்கும் அந்த மாதங்களில் உறைகளை நிரப்பிவிட வேண்டும். பறிப்புக் காலத்தில் புதிதாக எதையும் தொடங்காமல், உறையில் இருப்பதைத் தினம் இருபது நிமிடம் நினைவுக்குக் கொண்டுவந்தால் போதும். காப்பிச் செடியருகே நின்று பறிக்கும்போது வாயால் சொல்லிப் பார்க்கலாம். ஏணிமேல் ஏறி மிளகு பறிக்கும்போது மட்டும் வேண்டாம். அப்போது கவனம் ஏணியில் இருக்கட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளி விட்டு வந்து பிள்ளை கைகொடுப்பது வேறு, பள்ளி நாளில் நிறுத்தி வைப்பது வேறு. 2016இல் திருத்தப்பட்ட சட்டப்படி, 14 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை குடும்ப வேலையில் உதவுவதென்றால் பள்ளி நேரம் போகத்தான், அல்லது விடுமுறையில்தான். ஆபத்தான வேலையும் கூடாது. சட்டத்தை விடுங்கள். கணக்கில் ஒருநாள் விட்டுப்போனால், அடுத்த நாள் பாடம் அதன் மேல்தான் எழும்பும். அந்த ஒருநாள் கூலியைவிட இழப்பு பெரிது.

கணக்குக்கும் இதே முறையா?

கணக்குக்கு இன்னொன்றும் சேர வேண்டும், கலந்து போடுவது. பத்தாம் வகுப்பில் அளவியல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உருளைக் கணக்கு பத்து, கூம்புக் கணக்கு பத்து, கோளக் கணக்கு பத்து என்று வரிசையாகப் போடுவீர்கள். முதல் கணக்கில் சூத்திரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் மிச்ச ஒன்பதிலும் எண்ணை மாற்றிப் போடுவதுதான் வேலை. எல்லாம் சரியாக வரும், மனம் நிறைந்துபோகும். தேர்விலோ 'இது எந்தச் சூத்திரத்தில் போடுகிற கணக்கு' என்று யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற இருவர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதே கன அளவுக் கணக்குகளில்தான் நடந்தது. வகைவாரியாகப் பயிற்சி செய்த மாணவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து செய்தவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில், வகைவாரியாகச் செய்தவர்கள் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள். கலந்து செய்தவர்கள் 63 சதவீதத்தில் நின்றார்கள்.

ஆகவே ஒரு வகையைப் புரிந்துகொள்ளும் வரை நாலைந்து கணக்கு வரிசையாகப் போடுங்கள். அதற்குப் பிறகு கலந்துவிடுங்கள். உருளையில் ஒன்று, கூம்பில் ஒன்று, சென்ற மாதம் முடித்த இயற்கணிதத்தில் ஒன்று. கணக்கு எண்களைச் சீட்டெழுதிக் குலுக்கி எடுத்தாலும் சரி. தப்பு அதிகம் வரும், வரட்டும். வீட்டில் வரும் தப்புக்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

வீட்டுக்கு வந்தால் நேரமே இல்லையே?

தண்ணீர், விறகு, ஆடு மாடு, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது என்று வேலைகள் இருக்கும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து படி என்று சொல்வது எளிது, நடக்காது. நாற்பது நிமிடத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள். முதல் பதினைந்து நிமிடம், அன்று நடந்த பாடங்களை மூடிவிட்டு எழுதிப் பார்க்க. அடுத்த பதினைந்து, கணக்கு. கடைசிப் பத்து, 'நாள்' உறை. தினமும் அதே இடத்தில், அதே நேரத்தில் உட்கார்ந்தால் 'படிக்கணுமே' என்ற இழுபறி சில வாரங்களில் குறைந்துவிடும்.

இந்த முறையில் இன்னொரு வசதி இருக்கிறது. நினைத்துப் பார்ப்பதற்குப் புத்தகமும் வேண்டாம், வெளிச்சமும் வேண்டாம். பள்ளிக்கு நடக்கிற தூரம் முழுக்க உங்களுக்குச் சொந்தமான நேரம். பேருந்தில் வளைவில் புத்தகத்தைப் பிரித்தால் தலை சுற்றும், ஆனால் நேற்றைய பாடத்தை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கலாம். ஐப்பசி மழையில் கரண்ட் போனாலும் அப்படித்தான்.

நாலு மணிக்கு எழுந்து படிக்கலாமா?

முந்தின இரவு எட்டு மணிக்குத் தூங்கியிருந்தால் தாராளமாகப் படிக்கலாம். பதினொன்றுக்குப் படுத்து நாலுக்கு எழுந்தால், ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள். 13 முதல் 18 வயதுள்ளவர்களுக்கு ஒரு நாளுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்று தூக்க மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். தூங்கும் நேரம் வீணாகும் நேரம் இல்லை. பகலில் படித்ததை மூளை அடுக்கி வைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரவெல்லாம் விழித்து மறுநாள் தேர்வெழுதுவதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள், படித்ததையே காவு கொடுக்கிறார்கள்.

கைப்பேசி பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. அந்த நாற்பது நிமிடம் அது வேறு இடத்தில், அம்மாவிடமோ அப்பாவிடமோ இருக்கட்டும்.

எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பிள்ளைக்கு எப்படி உதவுவது?

இப்படிக் கேட்கும் பெற்றோருக்குத்தான் இந்தக் கட்டுரையில் அதிக வேலை இருக்கிறது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று மலை முழுக்க, தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பா அம்மாவால் கணக்குச் சொல்லித்தர முடியாது. அதனால் தங்களால் ஆவது ஒன்றும் இல்லை என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

உங்களால் ஆகும். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "இன்னிக்கு என்ன பாடம் நடந்துச்சு?" "எனக்குப் புரியற மாதிரி சொல்லு பாக்கலாம்." அவ்வளவுதான். பிள்ளை புத்தகம் இல்லாமல் நினைவிலிருந்து எடுத்து, தன் வார்த்தையில் சொல்கிறது. மேலே ஆய்வாளர்கள் சொன்னது முழுதும் அந்த ஐந்து நிமிடத்தில் நடந்துவிடுகிறது. சரியா தப்பா என்று நீங்கள் பார்க்க வேண்டாம். தடுமாறினால் தடுமாறுகிற இடம் பிள்ளைக்கே தெரிந்துவிடும். இடையில் "ஏன் அப்படி?" என்று ஒரு கேள்வி போடுங்கள், இன்னும் நல்லது.

'ஒண்ணும் நடக்கலை' என்று பிள்ளை தப்பிக்கப் பார்க்கும். விடாதீர்கள். திட்டவும் வேண்டாம். 'ஏதாவது ஒண்ணு சொல்லு, சாப்பிடலாம்' என்று உட்கார்ந்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் இழுக்காதீர்கள். அதை இழுத்தால் மறுநாள் பேச்சே வராது.

விடுதியில் தங்கிப் படிக்கிறவர்கள்?

மலையில் பல பிள்ளைகள் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். செங்கரையில் ஏகலைவா மாதிரிப் பள்ளியும் இருக்கிறது. வீட்டுப் பிள்ளைக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு உண்டு, கேள்வி கேட்க ஆள். மாலைப் படிப்பு நேரத்தில் இரண்டு இரண்டு பேராக உட்காருங்கள். முதல் அரை மணி நேரம் பேசாமல் தனித்தனியே படியுங்கள். அடுத்த கால் மணி, ஒருவர் புத்தகத்தைப் பிடித்துக் கேட்க, மற்றவர் பார்க்காமல் சொல்லட்டும். பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு இதில் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அடுத்தவருக்கு விளக்கிச் சொல்கிறவருக்குத்தான் பாடம் அதிகம் தெளியும்.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கிழக்கே கண்ணுக்குத் தெரிகிற பச்சைமலையிலிருந்து, மலையாளிப் பழங்குடிச் சமூகத்து மாணவி ஒருவர் அரசுப் பழங்குடியினர் பள்ளியில் படித்து 2024இல் திருச்சி என்.ஐ.டி.யில் (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) சேர்ந்தார். அவரும் ஜே.இ.இ. என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வை எழுதித்தான் உள்ளே போனார்.

இப்போதே பலன் தரும் தேர்வு ஏதாவது உண்டா?

எட்டாம் வகுப்பில் இருக்கிறீர்கள் என்றால் உண்டு. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு, சுருக்கமாக என்.எம்.எம்.எஸ். அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்து, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாதவர்கள் எழுதலாம். தேர்வு பெற்றால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நாலு ஆண்டில் 48,000 ரூபாய் கிடைக்கும். அரசு செலவில் தங்கிப் படிக்கும் பள்ளிகளுக்கு விதி வேறு. ஆகவே விடுதிப் பிள்ளைகள் தங்களுக்கு இது பொருந்துமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேர்வில் இரண்டு தாள்கள், ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள். ஒரு தாள் மனத்திறன் (எண் வரிசை, உருவ ஒப்புமை போன்ற புதிர்கள்), மற்றொன்று கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் பாடங்கள். பாடத்தாளில் ஏழாம் வகுப்புப் பாடமும் வரும். கடந்த ஆண்டுப் பாடத்தை இந்த ஆண்டும் நினைவில் வைத்திருப்பவருக்கே இது வசப்படும் என்பதால், 'மாதம்' உறையை ஏழாம் வகுப்பு முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில், நேற்று நடத்தியதில் ஒன்றும் போன வாரம் நடத்தியதில் இரண்டுமாக மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்க்காமல் ரஃப் நோட்டில் விடை எழுதட்டும். மதிப்பெண் போட வேண்டாம், நோட்டைத் திருத்த வேண்டாம். விடையை நீங்கள் சொல்ல, அவர்களே சரிபார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமே இல்லாத பிள்ளைக்கு, அந்த ஐந்து நிமிடம்தான் அன்றைய திருப்புதல்.